சேனல் உதிர்ந்த தெரு

முதலில் சத்தம்தான் வந்தது. முறத்திலிருந்து குருணையைச் சாக்குக்குள் சரித்துவிடுகிற மாதிரி, சர்ரென்று நிற்காமல் ஒரே சீராக வந்த சத்தம், ராத்திரித் தறி நின்று பகல் தறி ஓடத் தொடங்காத அந்த விடியற்காலையில் மாரீஸ்வரியின் தூக்கத்துக்குள் புகுந்து அவளைத் தட்டி எழுப்பியது. எலிதான் அரிசிச் சாக்கைக் கடித்துவிட்டது என்று இருட்டில் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாக்கு வைத்தது வைத்தபடி இருந்தது. சத்தம் முன்னறையிலிருந்து வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த டிவியின் கீழ் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொடி மெல்லிய திரைபோல இறங்கி, தரையில் சின்னக் குவியலாகக் குவிந்துகொண்டிருந்தது. டிவி அணைந்துதான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள், பொடி நிற்கவில்லை. அதற்கு எப்போது நிற்கத் தோன்றியதோ அப்போதுதான் நின்றது.

அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீர் வருகிற நாள் அது, பாத்திரம் எல்லாம் போட்டபடி கிடந்தது. விளக்குமாற்றால் கூட்டி அள்ளினால் சரியாக ஒரு முறம் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். சாம்பலைவிட நைசு, செங்கல் தூளைவிடச் சுணை. வீணாக்குவானேன் என்று கொல்லைக்குக் கொண்டுபோய், புளியும் தேங்காய் நாரும் சேர்த்து, பரணில் கிடந்த பித்தளை அண்டா வரைக்கும் இறக்கிப்போட்டுத் தேய்த்துத் தீர்த்தாள். அதற்குள் ஊரில் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. தேய்க்கும்போது, எந்த வேலை செய்தாலும் தன்னையறியாமல் முணுமுணுக்கிற அந்த வாசகத்தையே அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பெயர் சோலைராசு, வயது முப்பத்திரண்டு, மாநிறம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, கண்டவர்கள் தகவல் தெரிவிக்கவும். அண்டா முகம் பார்க்கிற கண்ணாடியாகப் பளபளத்தது. பொடி முழுவதும் தண்ணீரோடு தண்ணீராகச் சாக்கடைக்குள் போனது.

மேலச்சத்திரம், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். வீட்டுக்கு வீடு பவர்லூம். நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் ஒழுகுகிற ரத்தத்தை இந்த ஊர்த் துணிதான் குடிக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள், பெருமையாகச் சொல்கிறார்களா சலிப்பாகச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் சாகிறவர்கள் ஆனதால் அங்கே யாருக்கும் மெதுவாகப் பேசவும் தெரியாது, டிவியை மெதுவாக வைக்கவும் தெரியாது.

பொடி உதிர்ந்ததற்கு முந்தின நாளோடு செவ்வானம் டிவி முடிந்துபோயிருந்தது. மதுரையில் ஒரு மாடியில் இருந்துகொண்டு தெற்குச் சீமைக்கு மட்டும் சேதி சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சின்னச் சேனலை ஹைதராபாத்துக் கம்பெனி ஒன்று வாங்கியது, அந்தக் கம்பெனியை மும்பைக் கம்பெனி வாங்கியது, மும்பைக் கம்பெனியும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கம்பெனியும் மாலை மாற்றிக்கொண்டு ஒரே குடும்பமாகிவிட்டன, மாலை மாற்றியவர்களுக்குச் செவ்வானம் என்று ஒரு பிள்ளை அந்தக் குடும்பத்தில் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதே தெரியாது. மதுரை மாடியில் இப்போது சோபா விற்கிறார்கள்.

கேபிள் சகாயம்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னான். "ரெண்டு குடித்தனம் ஒரே வீட்டுக்கு வந்தா ரெண்டு ஆட்டுரல் எதுக்குக்கா? ஒண்ணைத் தூக்கி வெளிய போடுவாங்க. நம்மளதைப் போட்டுட்டாங்க."

"செல்லுல ஆப்ல இருக்கும்னு சொன்னியேப்பா."

"இருந்துச்சு. இப்ப அந்த ஆப்பையே பெரிய ஆப்புக்குள்ள போட்டுட்டாங்க. நாடகம் இருக்கு, பழைய படம் இருக்கு, கிரிக்கெட் இருக்கு."

"காணவில்லை?"

"அதைத்தான்க்கா காணோம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

'காணவில்லை' செவ்வானத்தில் தினமும் சாயங்காலம், ஏழு மணி நாடகங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற நிகழ்ச்சி. சோகமான ஒரு வீணை, அப்புறம் ஒரு பெண் குரல், அப்புறம் வரிசையாக முகங்கள். மாரீஸ்வரியின் தம்பி சோலைராசு, தறிக்குப் போனவன், ஒருநாள் தறியை ஓடவிட்டுவிட்டு அப்படியே எழுந்து போனான். நூல் அறுந்து தறி தானாக நிற்கிறவரை அவன் போனது பக்கத்துத் தறிக்காரனுக்கே தெரியாது. யாரோ கல்யாண வீட்டில் கூட்டத்தோடு எடுத்த படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்து அவள் சேனலுக்குக் கொடுத்தாள். அவனுக்கு இருந்த படமே அது ஒன்றுதான். திருப்பி வாங்கவில்லை. மாதா மாதம் மதுரைக்குப் பஸ் ஏறி, அந்த மாடியில் பொறுப்பாக இருந்த ஆளின் மேசைக்கு முன்னால், அவர் சரியென்று சொல்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அதனால் மற்ற முகங்கள் எல்லாம் மாறிக்கொண்டே போக, சோலைராசின் முகம் மட்டும் வருஷக்கணக்காக அந்த வீணைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அவள் டிவியில் பார்த்தது அது ஒன்றைத்தான். அது முடிந்ததும் ரிமோட்டைப் புருஷன் தலைமலையிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவன் பார்ப்பதெல்லாம் வேறு சேனல்.

தலைமலை கெட்டவன் இல்லை. ஆனால் வருஷம் திரும்பும்போதெல்லாம் அவனுடைய சொந்தக்காரர்கள் வந்து அவன் காதைக் கடிப்பார்கள். ஒரு உசுரு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவாந்தரத்தில் நின்றால் அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவும் தலையெடுக்காது, புல்லில் உருவம் செய்து காரியத்தைப் பண்ணிவிடு என்பார்கள். அவன் அதை அவளிடம் கொண்டுவருவான். அவள் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"டிவியில காணோம்னு சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எந்தம்பி காணாமப் போனவன். சொல்றது நிக்கட்டும், அப்புறம் செத்தவன்னு வச்சிக்கிருவோம்."

இப்போது சொல்வது நின்றுபோனது. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நாட்காட்டியில் அமாவாசை எப்போது என்று மட்டும் பார்த்தான், அவள் பார்க்காத நேரமாகப் பார்த்தான்.

பொடி அவள் வீட்டில் மட்டும் உதிரவில்லை. செவ்வானத்தைப் பார்த்த வீடு எல்லாவற்றிலும் உதிர்ந்தது. பழைய பெட்டி டிவியும் உதிர்த்தது, புதுத் தட்டை டிவியும் உதிர்த்தது, சில வீடுகளில் செல்போனின் சார்ஜர் ஓட்டை வழியாகக்கூட ஒழுகியது. மாரீஸ்வரி வீட்டில் ஒரு முறத்தோடு நின்றுவிட்டது, மற்ற வீடுகளில் நாள்பூராவும் கொட்டி, அடுத்த நாளும் கொட்டி, சாக்குச் சாக்காகச் சேர்ந்தது. "உங்க வீட்டு டிவி கஞ்சம் மதினி, எங்க வீட்டுது பாருங்க, அள்ளி மாளல" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், ஏதோ அவரைக்கொடி காய்த்துத் தள்ளுகிற மாதிரி.

ஊர் அந்தப் பொடியோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. பாத்திரம் தேய்த்தார்கள். மீன்காரி விரால் வழுக்காமல் இருக்கக் கையில் பூசிக்கொண்டாள். தறிக்காரர்கள் பெல்ட் நழுவாமல் இருக்கத் தூவினார்கள். எறும்பு வரிசையில் போட்டார்கள். கொத்தனார் ஒருவர் சிமெண்டில் கலந்து நெசவாளர் சங்கக் கட்டடத்துக்குப் பூசினார், சுவர் வழுவழுவென்று நன்றாகவே வந்தது. இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று பேரூராட்சித் துப்புரவுக்காரர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்து, ரெண்டிலும் சேராது என்று முடிவாகி, அவரவர் பொடி அவரவர் கொல்லையிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பனையோலைக் காற்றாடிக்கு அதைத் தூவி விளையாடின. யாரும் பயப்படவில்லை. கொரோனாவைப் பார்த்துவிட்டோம், இது என்ன சுண்டைக்காய் என்றார்கள்.

அது பேசும் என்பது, மாதாமாதம் வருகிற மின்தடை நாளில்தான் தெரிந்தது. அன்று காலையில் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சடைத்து நின்றன, காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி ஊர் அமைதியானது, அந்த அமைதியில் கொல்லைக் கொல்லையாகச் சாக்குகள் முனகத் தொடங்கின. பாக்கியத்தாய் வீட்டுச் சாக்கில் ஒரு பெண் புடவைக் கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுச் சாக்கில் யாரோ மிளகுக்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கக் கட்டடத்துச் சுவர், தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு என்றது. மீன்காரி கையை மோந்துபார்க்கப் போனவள் பாட்டுக் கேட்டு அப்படியே நின்றாள். ராத்திரியும் பகலும் தறி ஓடின நாளெல்லாமும் அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கேட்கத்தான் வழியில்லை.

கூட்டம் கூடியது, சிரித்தது, சாக்கோடு காது வைத்துக் கேட்டது. சகாயம்தான் முறையைக் கண்டுபிடித்தான். "எந்த வீட்டுல எதைப் பாத்தாங்களோ அதுதான் அந்த வீட்டுப் பொடியில இருக்கு. பாக்காதது உதிரல. கம்பெனிக்காரனுக்கும் இது தெரியும்க்கா, எந்தப் பெட்டியில எதை எத்தனை நேரம் பாத்தாங்கன்னு அவன் கையில இருக்கு, அதை வச்சுத்தான் எதைக் காப்பாத்தணும் எதைக் கொல்லணும்னு முடிவு பண்றான்."

மாரீஸ்வரிக்குச் சந்தோஷம் வந்தது. வருஷக்கணக்கில் வராத சந்தோஷம், அதனால் அவளுக்கே அது கொஞ்சம் வலித்தது. தன் வீட்டில் விழுந்த ஒரு முறம் எது என்று அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது, அது எங்கே போனது என்பதும் புரிந்தது. ஆனால் ஊரே பார்த்திருக்கிறதே. தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்வார்களே: நேத்துக்கூடப் போட்டாங்க மதினி, ராசு படம் வந்துச்சு, பாத்தோம், மனசு கேக்கல. கோயிலில் சொல்வார்கள், ரேஷன் கடையில் சொல்வார்கள், காய்க்காரர்கூடத் தராசைப் பிடித்துக்கொண்டே சொல்வார். ஒரு வீட்டில் போனால் என்ன, எல்லா வீட்டிலும் இருக்குமே.

நெசவில் கழிந்த பேண்டேஜ் துணி ஒரு பாகம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சல்லடையில் நிற்காத பொடி அந்த ஓட்டைத் துணியில் நின்று நிதானமாக இறங்கியது, இறங்கும்போது வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்டன. முதலில் பாக்கியத்தாய் வீடு. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். புடவைக் கடை இறங்கியது. ராசிபலன் இறங்கியது. அப்புறம் வீணை. அந்தப் பெண் குரல் வந்தது.

"காணவி"

அதோடு நின்றது. அடுத்து இறங்கியது, "வணக்கம் நேயர்களே, ராத்திரி ராகம் நிகழ்ச்சிக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்."

"இன்னொருக்கா போடு" என்றாள் மாரீஸ்வரி.

இன்னொரு படி அள்ளிப் போட்டார்கள். வீணை. காணவி. வணக்கம் நேயர்களே. அடுத்த படியில் அதற்கு முந்தின நாள். வீணை. காணவி. வணக்கம் நேயர்களே. சாக்கின் அடி வரைக்கும் அதேதான், ரிமோட்டை அழுத்துகிற விரல் மட்டும் சில நாள் சீக்கிரம் அழுத்தியிருந்தது, காண என்பதோடு.

பாக்கியத்தாய் துணியின் முனையைச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் நின்றாள். "அந்நேரம் வேற சேனல்ல நாடகம் போட்டுருவான் மதினி. முதல்ல போன வாரக் கதை சொல்லுவான், அதை விட்டா ஒண்ணும் புரியாது."

"நீ பாத்தேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"புருவத் தழும்பு நல்லாத் தெரியுதுன்னுகூடச் சொன்ன."

"அது எனக்கு ராசுவைத் தெரியும்ல மதினி. சின்னதுல இருந்து தெரியும்ல." துணியின் முனையை விட்டுவிட்டு, "உங்களைப் பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியாது. அதான் அதைச் சொல்றது" என்றாள்.

மாரீஸ்வரி கோபப்படவில்லை. துணியை உதறி மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வீணை, காணவி, வணக்கம் நேயர்களே. அதற்கடுத்த வீட்டிலும் காணவி. மளிகைக் கடையில் காணவி, தறி முதலாளி வீட்டில் காணவி, அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குகிற டீச்சர் வீட்டில் வீணையே முழுசாக வரவில்லை. சங்கச் சுவரில் காதை வைத்தாள், சுவருக்குள் கலந்திருந்த எந்தெந்த வீட்டுப் பொடியோ மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு, காணவி என்றது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், மின்சாரம் இல்லாத அந்தப் பகல் முழுக்க, எங்கேயும் முழுசாக முடியாத அந்தச் சொல்லை, எல்லார் வீட்டிலிருந்தும் அள்ளி அள்ளி அவள் வடிகட்டினாள். பெண்கள் சாக்கைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒருவரும் அவளோடு நின்று கேட்கவில்லை. வரவர, அவள் வருகிறாள் என்று தெரிந்ததுமே கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தாங்கள் முன்வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

கடைசியாகச் சகாயத்தின் வீடு. அவன் மறைக்கவில்லை. "சேனலை மூட இப்படிப் பாக்காம மாத்துனது ஒண்ணுதான் காரணம்னு இல்லக்கா. ஆனா அந்தக் கணக்குல நம்ம ஊரும் இருந்திருக்கும். ஊர் பூராவும் ஒரே ஒரு பெட்டியிலதான் அது முழுசா ஓடியிருக்கு. உங்க பெட்டி."

"ஒரு பெட்டி போதாதா?"

"அவங்களுக்குப் போதாதுக்கா."

மின்சாரம் வந்தது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருமிக்கொண்டு கிளம்பின. சாக்குகள் பேசுவதை நிறுத்தவில்லை, யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான்.

சில நாள் கழித்துக் கம்பெனி லாரி வந்தது. பனியன் போட்ட பையன்களும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, புத்தகத்தில் இருக்கிற மாதிரி தமிழ் பேசுகிற ஒரு பெண்ணும் இறங்கினார்கள். உதிர்ந்ததும் கம்பெனிச் சொத்துதான் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள், ஒளிபரப்பாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் உரிமை உரிமைதான், இது வேறு யார் கைக்கும் போகக் கூடாது, கொண்டுபோய் அழித்துவிட்டோம் என்று காட்டினால்தான் கம்பெனிக்கு வரியில் கழியும். மூட்டைக்கு ஈடாகப் பெரிய ஆப் சில மாதம் இலவசம் என்றாள். சண்டை வரும் என்று நினைத்தோ என்னவோ கூட ஒரு போலீஸ்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். சண்டை எதுவும் வரவில்லை. சனங்கள் தாங்களாகவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் ஏற்றினார்கள், அதுவும் அவசர அவசரமாக, மாரீஸ்வரி தெருவுக்கு வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்கிற மாதிரி. பையன்கள் சங்கச் சுவரைச் சுரண்டி எடுத்தார்கள். மீன்காரியின் கையைக்கூட ஒரு பிரஷ்ஷால் தட்டி எடுத்துக்கொண்டார்கள். அவள் மட்டும், "பாட்டு ஒண்ணை விட்டுட்டுப் போங்கப்பா" என்றாள், சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அடையாள அட்டைப் பெண் மாரீஸ்வரி வீட்டு வாசலில் நின்றாள். "உங்கள் வீட்டில் எவ்வளவு இருக்கிறதம்மா?"

"ஒரு முறம் விழுந்துச்சு. ஏனம் தேய்ச்சிட்டேன்."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். கொல்லை வாசலில் அண்டா வெயிலை வாங்கித் திருப்பி அடித்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நன்றாகத்தான் தேய்த்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

லாரி போன பிறகு தலைமலை வெகுநேரம் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "வர்ற அமாவாசை நல்லா இருக்குங்காங்க, மாரி" என்றான்.

அவள் முறத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். வேறெப்படி எடுத்துக்கொள்வான்.

அமாவாசைக்கு முந்தின நாள் பங்காளி வீடுகளுக்குச் சொல்லிவிட்டாகிவிட்டது. உருவம் செய்ய வேண்டிய புல் வந்து முன்னறையில் நனைத்த துணிக்குள் கிடந்தது. பாக்கியத்தாய் கூப்பிடாமலே வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சோறு வடிக்க அண்டாதான் வேண்டும், அது கொல்லையில் காற்றடித்துத் தூசி படிந்திருந்தது. மாரீஸ்வரி அதைக் கல்லில் சாய்த்துப் போட்டாள். அப்போதுதான் பார்த்தாள், வாய் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருண்டு மடிந்திருந்த இடத்துக்குள், நாரும் தண்ணீரும் போகாத சந்தில், நூல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதை வைத்துப் பிரயோசனமில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாடை எலும்பை விளிம்போடு அழுத்தி வைத்தாள். முதலில் தறியின் அதிர்வுதான் பித்தளை வழியாக வந்தது. பிறகு அதற்கு அடியில், பல்லின் வேரில், அந்தப் பெண் குரல். பெயர் போயிருந்தது, வயது போயிருந்தது, மாநிறமும் தழும்பும் அவள் கையாலேயே தேய்ந்து சாக்கடையில் போயிருந்தன. மிச்சம் இருந்தது ஒரு சொல். அது தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டவர்கள். கண்டவர்கள். கண்டவர்கள்.

அன்றைக்கு இதே கல்லில், இதே நாரோடு, தன் வாய்தான் முணுமுணுக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேய்த்தாளே, அப்போது முணுமுணுத்தது தன் வாய் மட்டும்தானா என்று யோசித்துப் பார்த்தாள். எத்தனை யோசித்தாலும் தன் குரலும் பொடியின் குரலும் இனிமேல் பிரியாது.

"அண்டா ஆச்சா? அடுப்பு மூட்டிப் பாத்துருவோம்னு சமையக்காரர் கேக்காரு" என்றான் தலைமலை முன்வாசலிலிருந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி.

"அடி மட்டும் பாக்கி" என்று அவளும் கத்தினாள்.

நாரைப் புளியில் தொட்டு எடுத்தாள். வாய் முணுமுணுக்கப் போனது, அதை மூடிக்கொண்டாள். விளிம்பின் மடிப்புக்குப் பக்கத்தில் கை வரும்போதெல்லாம் அது படாமல் சுற்றிப் போய், வயிற்றையும் அடியையும் மட்டும், வட்ட வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.